ஷபீனா அளவுக்கு ஒரு கூண்டு

அன்று ஷெட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவரும் வந்து நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லக்கூடாது. அப்துல் ரசாக் ஆகிய நான், என் மனைவி நஃபீசா, என் மகன் பர்வேஸ், அவனுக்கு இளையவளான என் மகள் ஷபீனா, எங்களிடம் வெல்டராக இருக்கும் சின்னப்பன், பக்கத்து ஷெட்டுக்காரர் லோகநாதன். இவ்வளவு பேர்தான். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் சத்தத்தைக் கேட்டார், எதையும் பார்க்கவில்லை.

எங்கள் ஷெட் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கன்வேயர் ஃபிரேம், டிராலி, இரும்புப் படிக்கட்டு எல்லாம் செய்து கொடுக்கிறோம். நாங்கள் செய்து அனுப்பிய பொருள் எதுவும் குறை என்று திரும்பி வந்ததில்லை. தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்ல மனமில்லாதவர்களும் மறுக்க மாட்டார்கள்.

ஷபீனா குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படித்தாள். ஒரகடத்தில் ஒரு வண்டிக் கம்பெனியில், புதிய கார்களை ஓட்டிச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஒரு கிளப் நடத்திய பயிற்சியில் சேர்ந்து நன்றாக ஓட்டினாள். அடுத்து நடக்கும் புதியவர்கள் பந்தயத்தில் ஓட்டலாம், ஆனால் காரை நீயே கொண்டு வர வேண்டும், காருக்குள் பாதுகாப்புக் கூண்டு போட்டிருக்க வேண்டும் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். இந்தச் செய்தி எனக்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது, வேண்டியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "பொம்பளைப் புள்ளைய ரேஸ் ஓட்ட விடப் போறீங்களாமே பாய்?" என்று கேட்டார்.

"தினம் படப்பை ரோட்டுல லாரிக்கு நடுவுல ஸ்கூட்டர்ல போய்ட்டு வர்றா. அதை ஒரு நாளும் நீங்க கேட்டதில்லை. எல்லா வண்டியும் ஒரே பக்கமா போற இடத்துக்குப் போறாங்கிறப்போ மட்டும் கேக்குறீங்களே" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார்.

மகளிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். கூண்டு நம் ஷெட்டில்தான் போட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து தயாராக வாங்கிவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கார் கவிழ்ந்தால் அவள் தலையைக் காக்கப் போவது அந்தக் கூண்டுதான். என் மகளின் தலைக்கு மேல் அடுத்தவர் வெல்ட் இருக்கக் கூடாது என்றேன்.

கார், எங்கள் வீட்டு எஸ்டீம். எங்கள் குடும்பத்துக் கல்யாணப் பெண்கள் எல்லாரும் நிக்காஹ்வுக்குப் போனதும் வந்ததும் அந்தக் காரில்தான். வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு சட்டம் உண்டு. செருப்போடு யாரும் உள்ளே ஏறக் கூடாது. டேஷ்போர்டின் நடுவில் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம் எழுதிய பித்தளைத் தகடு ஒட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் செருப்புக் காலை நீட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம் அல்ல. ஏறும் முன் செருப்பைக் கழற்றி, கதவோரம் இருக்கும் பையில் போட வேண்டும். ஓட்டுபவருக்கும் இதே சட்டம்தான். பர்வேஸும் ஷபீனாவும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே வெறுங்காலோடுதான். வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைகளும் முதல் நாளே புரிந்துகொண்டு விடுவார்கள்.

பந்தயத்துக்காகப் பின் சீட்டைக் கழற்றினோம், கம்பளத்தை எடுத்தோம், கூரைத் துணியை உரித்தோம். எல்லாவற்றையும் துடைத்து மடித்து வீட்டு மாடியில் வைத்திருக்கிறேன். வேண்டும் என்றால் ஒரே நாளில் திரும்பப் பூட்டிவிடலாம். டேஷ்போர்டு மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்றேன். அதை வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

இங்கே கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய பைப் வளையம் வரும். அதிலிருந்து இரண்டு பைப்புகள் கூரையை ஒட்டி முன்னால் போய், முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களை ஒட்டிக் கீழே இறங்கி, தரையில் பற்றவைத்த இரும்புத் தகட்டில் உட்கார வேண்டும். கண்ணாடி முடிகிற இடத்தில் டேஷ்போர்டு குறுக்கே நிற்கிறது. ஒன்று, அதன் மூலையில் ஓட்டை போட்டு பைப்பை நேராக இறக்கலாம். அல்லது டேஷ்போர்டைச் சுற்றி பைப்பை வளைத்து உள்பக்கமாகக் கொண்டு வந்து இறக்கலாம். கிளப்பின் விதி இரண்டு வழியையும் ஒத்துக்கொள்கிறது. வளைப்பது கடினம், வெட்டுவது சுலபம். நாங்கள் கடினமானதை எடுத்துக்கொண்டோம்.

லோகநாதன் அப்போதே வந்து எட்டிப் பார்த்தார். அவர் கேட்டும் கிரில்லும் செய்பவர். கெட்டவர் அல்ல. ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் அவரால் ஒரு நிமிஷம் இருக்க முடியாது.

"இன்னா பாய், டேஷ்போர்டை வெட்டலியா?"

"வெட்ட மாட்டோம்."

"வெட்டாம எப்டி? பைப்பு இன்னா பாம்பா, வளைஞ்சி நெளிஞ்சி போறதுக்கு?"

"பர்வேஸ் வளைச்சா போகும்."

"பைப்பு போவும் பாய். பாப்பா காலை எங்க வெச்சிக்கும்? மடிச்சி பாக்கெட்டுல வெச்சிக்குமா?"

சின்னப்பன் சிரித்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் வெல்டிங் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டான்.

"நீங்க மட்டும் வெட்டாம முடிச்சிட்டீங்கன்னா, என் ஷெட்டு போர்டுல உங்க பேரை எழுதிக்கறேன்" என்றார் லோகநாதன்.

"பெயின்ட் வாங்கி வெச்சுக்குங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் டீ வருவதற்குள் தொழிற்பேட்டை முழுக்க இந்தப் பேச்சு பரவிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சொன்னதைச் செய்பவன் நாலு பேருக்கு முன்னால் சொல்வதில் என்ன இருக்கிறது?

அளவை ஒழுங்காகத்தான் எடுத்தோம். பந்தய சீட்டை ஷபீனாவின் உயரத்துக்குத் தகுந்தபடி தரையோடு பற்றவைத்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, மூன்று பெடல்களையும் மாறி மாறி மிதித்துக் காட்டினாள். பர்வேஸ் ஒரு கெட்டிக் கம்பியை டேஷ்போர்டைச் சுற்றி வளைத்து மாதிரி எடுத்தான். முழங்காலுக்கும் கம்பிக்கும் நடுவில் மூன்று விரல் இடம் இருந்தது. ஆக்சிலேட்டர் மிதிக்கும் பாதத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல்.

"இது போதுமா ஷபி?" என்று பர்வேஸ் கேட்டான்.

"போதும்ணே. இடிக்கலை."

நானும் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். போதும் என்றேன்.

பர்வேஸ் அந்த பைப்பை வளைத்த அழகைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த பைப் அல்ல, இணைப்பே இல்லாத சீம்லெஸ் பைப். வளைக்கும் இடத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு சுருக்கமும் விழவில்லை. டேஷ்போர்டின் மூலையை ஒட்டி இறங்கி, உள்ளே வந்து, திரும்ப வெளியே போய்த் தகட்டில் உட்கார்ந்தது. நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடம்தான் இருந்தது. சின்னப்பன் சுற்றிலும் பற்றவைத்தான். வேலை முடிந்ததும் லோகநாதனே வந்து தடவிப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. காரைப் பரிசோதிப்பது சனிக்கிழமை காலை. வியாழக்கிழமை ஷபீனா லீவு போட்டுவிட்டு வந்தாள். பந்தயத்தில் போடும் உடுப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் போட்டு உட்கார்ந்தால்தான் பெல்ட்டைச் சரியான அளவுக்கு இழுத்துக் கட்ட முடியும். மகளை அந்த உடுப்பில் பார்க்க வேண்டும் என்று நஃபீசா சாப்பாட்டுக் கேரியரோடு ஆட்டோவில் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டு லோகநாதனும் வந்து நின்றார்.

ஷபீனா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறினாள். கதவுப் பக்கம் காலைத் தொங்கவிட்டபடி, பெட்டியிலிருந்து பந்தய ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். புது ஷூ, தரையில் படாதது. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. பர்வேஸ் பெல்ட்டை இழுத்துப் பூட்டினான்.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா அத்தா?"

"பண்ணு."

இன்ஜின் நன்றாகப் பிடித்தது. சைலன்சரை மாற்றியிருந்ததால் சத்தம் ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. நஃபீசா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷபீனா ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாள். சத்தம் ஏறியது. பிறகு இறங்க வேண்டும். இறங்கவில்லை.

அவள் விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். சத்தம் அதே உச்சத்தில் நின்று கத்தியது. ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வலது முழங்காலைப் பிடித்து இழுப்பது மட்டும் தெரிந்தது. பர்வேஸ் கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்துச் சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் நின்றது.

பர்வேஸ் டார்ச் அடித்துப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். விஷயம் உடனே புரிந்தது. வெறும் பாதத்தைவிட ஷூ அகலம், அடிப்பகுதிக்கு ஓரம் வேறு உண்டு. பெடலை மிதிக்கும்போது அந்த ஓரம் பைப்பின் வளைவை உரசிக்கொண்டு கீழே போய்விட்டது. காலை எடுக்கும்போது வளைவின் அடியில் மாட்டிக்கொண்டது. பெடல் கீழேயே நின்றுவிட்டது. பர்வேஸ் அவள் குதிகாலைத் திருப்பித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

ஷபீனா பெல்ட்டை அவிழ்த்து இறங்கி, ஷெட் தரையில் ஷூவோடு நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். வேர்த்திருந்தது, ஆனால் பதறவில்லை. எங்கள் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள்.

"இத்தனை பேர் சேர்ந்து அளவெடுத்தீங்களே, ஒருத்தருக்குக்கூடவா ஷூ ஞாபகம் வரலை?" என்று நஃபீசா கேட்டாள்.

சின்னப்பன்தான் பதில் சொன்னான். "நம்ம வண்டில யாரு அக்கா ஷூவோட ஏறுவாங்க?"

அதுதான் உண்மை. வேறு எந்த ஷெட்டாக இருந்தாலும் அந்தப் பெண் ஷூவோடு ஏறி உட்கார்ந்திருப்பாள், அன்றே தெரிந்திருக்கும். எங்கள் காரில் ஷூ என்கிற நினைப்பே எங்களில் யாருக்கும் வரவில்லை, ஓட்டப் போகிறவளுக்கும் வரவில்லை.

"பெடலை இந்தப் பக்கம் கொஞ்சம் வளைச்சு விட்டுடலாம்" என்றான் பர்வேஸ்.

"அப்ப பிரேக்கோட ஒட்டிக்கும்ணே. ஒண்ணை மிதிச்சா ரெண்டும் போகும்."

"வேற ஷூ வாங்கு. ஒடுக்கமா இருக்கிறதா பார்த்து வாங்கு" என்றேன் நான்.

"வாங்கலாம் அத்தா. உட்கார்ந்து நிதானமா மிதிச்சா அது இடிக்காது. அவசரத்துல கால் எந்தக் கோணத்துல போய் விழும்னு என்னால சொல்ல முடியாது."

"ஷூ இல்லாமலே ஓட்டினா?" என்று நஃபீசா கேட்டாள்.

"விட மாட்டாங்கம்மா. தீப்பிடிக்காத ஷூ கட்டாயம்."

லோகநாதன் மூலையில் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் நின்றதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நான் குழாயடியில் கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு ஆபீஸ் அறையில் போய்த் தொழுதேன். திரும்பி வந்தபோது எல்லாரும் அதே இடத்தில் நின்றார்கள். நான் ஷபீனாவிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ஓடறப்போ இது மாதிரி மாட்டினா என்ன ஆகும்?"

"வளைவு வந்துடும் அத்தா. கார் நேரா போயிடும்."

அவள் அதை என்னை பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். ஓட்டாதே என்று நான் சொல்லியிருந்தால் அவள் ஓட்டியிருக்க மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வேலை சரியில்லாததால் எங்கள் வீட்டுப் பெண் வீட்டில் உட்கார்ந்தாள் என்று ஆகக் கூடாது. டேஷ்போர்டை வெட்ட மாட்டேன் என்று ஊருக்குச் சொன்னது என் வாய். பெடலில் இருக்கப் போவது அவள் கால். இரண்டில் எது பெரிது என்று எனக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறினேன். பித்தளைத் தகட்டைச் சுற்றி பிளேடை விட்டு, வளையாமல் எடுத்து, இரண்டு கையாலும் நஃபீசாவிடம் கொடுத்தேன். அவள் முந்தானையால் துடைத்து, முத்தமிட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சின்னப்பா, முன் பைப் ரெண்டையும் அறுத்து எடு."

"ரெண்டுமா?" என்றான் பர்வேஸ். "வலது பக்கம் மட்டும் போதும் அத்தா. அதுலயும் கீழ் பாதிய மட்டும் எடுத்துட்டு, உள்ள ஒரு சின்ன பைப் துண்டை ஸ்லீவா வெச்சு ஜாயின்ட் போட்டுடலாம். கிரைண்ட் பண்ணி பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமில்லையா?"

அவன் மார்க்கரைக் கையில் எடுத்தான்.

"மேலே இருந்து தரை வரைக்கும் ஒரே பைப்பா வரணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும். நாளைக்கு ஜும்ஆவுக்கு முன்னால வளைச்சு முடி."

இப்போது லோகநாதனுக்கு வாய் வந்தது. "அப்ப போர்டுல பேரு எழுத வேணாமா பாய்?"

"வேண்டாம்."

"பெயின்ட்டு வாங்கிட்டேனே."

"உங்க கேட்டுக்கு அடிங்க. துரு பிடிச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். லோகநாதன்தான் அதிகம் சிரித்தார். பிறகு அவரே போய், தன் ஷெட்டிலிருந்து மெல்லிய பல் வைத்த ஹேக்ஸா பிளேடு இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக்கில் கட்டிங் வீல் போட்டால் உருகி ஓரம் அசிங்கமாகிவிடும்.

புதிதாக அளவெடுக்க ஷபீனாவைக் கூப்பிட்டேன். அவள் கார் கதவருகே வந்து, பழக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். ஷூவின் அடியில் ஷெட் தரையின் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது.

"கழட்டாதே" என்றேன். "அப்படியே ஏறு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நஃபீசாவும் பார்த்தாள். அந்தக் காரில் அதுவரை ஒருவரும் அப்படி ஏறியதில்லை.

"ஏறும்மா. நேரமாகுது."

ஏறினாள்.

டேஷ்போர்டை நான்தான் வெட்டினேன். பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பர்வேஸ் மார்க்கரில் போட்ட வட்டத்தை ஒட்டி அறுத்தேன். மேலே இருந்த தோல் சட்டென்று விட்டது. கீழே மஞ்சள் ஸ்பாஞ்ச் தூள் தூளாகக் கொட்டியது. அதற்கும் கீழே கெட்டி பிளாஸ்டிக். வலது மூலை முடிந்ததும் இடது மூலை. நான் அறுக்கட்டுமா என்று பர்வேஸ் இரண்டு தடவை கை நீட்டினான், கொடுக்கவில்லை. பிறகு ஓட்டையின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சைக்கிள் டியூபை நறுக்கி விளிம்பில் ஒட்டினேன். வெட்டுவது என்று ஆகிவிட்டால், அதுவும் ரசாக் வெட்டியது போல இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பே பர்வேஸ் இரண்டு பைப்பையும் வளைத்துவிட்டான். இந்தத் தடவை கண்ணாடியின் மேல் மூலையில் ஒரே ஒரு வளைவு. அங்கிருந்து நேராக டேஷ்போர்டைத் துளைத்து, காரின் பக்கச் சுவரை ஒட்டித் தரைக்குப் போனது. ஷூ போட்ட பாதத்துக்கும் பைப்புக்கும் நடுவில் என் உள்ளங்கையே நுழைந்தது. மாலைக்குள் சின்னப்பன் பற்றவைத்து முடித்தான். பெயின்ட் அடிக்க நேரமில்லை. வெல்ட் வெல்டாகவே தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். ஒளிக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை.

சனிக்கிழமை காலை காரை ஒரு டெம்போவில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனோம். பரிசோதகர் ஜெபராஜ் என்பவர், வழுக்கைத் தலை, கழுத்தில் டார்ச். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு கார்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். சிறு சுத்தியலால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிக் கேட்டார். கண்ணாடியை நீட்டி, பைப்பின் பின்பக்கம் வெல்ட் முழுதாகச் சுற்றி வந்திருக்கிறதா என்று பார்த்தார். டேஷ்போர்டு ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றினார்.

"யாரு போட்டது இது?"

"நான்" என்றேன்.

"எல்லாரும் இதைக் கடிச்சுக் குதறித்தான் கொண்டு வருவாங்க. நீங்க தைச்சு வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க. வெல்டு எந்தக் கடை சார்?"

"எங்க கடை."

அவர் ஷபீனாவை முழு உடுப்பில் உட்கார வைத்து, காலை எடுங்கள், வையுங்கள், எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு கூண்டில் ஸ்டிக்கரை ஒட்டினார். சின்னப்பன் யாருக்கும் சொல்லாமல் அதை போனில் படம் எடுத்துக்கொண்டான். அவன் வீட்டில் அது இன்னும் சுவரில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை முழுதாக விவரிக்க மாட்டேன். பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நேர்பாதை முடிந்து வலப்பக்கம் திரும்பும் வளைவுக்கு எதிரே நானும் நஃபீசாவும் உட்கார்ந்திருந்தோம். ஷபீனா ஒரு சிவப்புக் காரை ஒட்டி முழு வேகத்தில் வந்தாள். வளைவு தொடங்கும் இடத்தில் அந்தச் சிவப்புக் கார் வழுக்கிக் குறுக்கே திரும்பிவிட்டது. நஃபீசா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் எஸ்டீமின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தேன். சத்தம் சட்டென்று இறங்கியது. முன்பக்கம் தாழ்ந்தது. கால் வந்துவிட்டது. சிவப்புக் காரைச் சுற்றி உள்பக்கமாக நுழைந்து, மறுபடி சத்தம் ஏறி, எங்களைத் தாண்டிப் போனாள்.

ஐந்தாவதாக முடித்தாள். புதியவர்கள் பந்தயத்தில், முதல் தடவையில், சொந்த ஷெட்டில் செய்த கூண்டோடு ஐந்தாவது. அவளுக்கு அது போதவில்லை. இறங்கியதும் பர்வேஸிடம் பின் டயர் காற்றழுத்தத்தைப் பற்றிச் சண்டை போட்டாள். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை லோகநாதன் எங்கள் ஷெட்டுக்கு இனிப்பு கொண்டுவந்தார். அவரைப் பற்றி நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரமே தாம்பரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. ரசாக் பாய் கௌரவம் பார்க்கிறவர், அவராவது மகளை ஓட்ட விடுவதாவது, ஹெல்மெட் போட்டால் உள்ளே இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும், ஓட்டியது பர்வேஸ்தான், முடிந்ததும் பெண்ணைக் கார் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்கிறார்களாம். எங்கள் குடும்பத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்து இதைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

அது பொய். பர்வேஸ் ஆறடிக்கு மேல். அந்த சீட் ஷபீனாவின் அளவுக்குத் தரையோடு பற்றவைத்தது, முன்னும் போகாது, பின்னும் போகாது. பர்வேஸ் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் நுழையாது. பந்தயம் நடந்தபோது அவன் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காரை ஓட்டியது ஷபீனா.